தொட்டுக்க என்ன?

"அத்தை, மயோனைஸுக்குத் தடை போட்டுட்டாங்க!"

2025 ஏப்ரலில் ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டே வந்து என் தம்பி மகள் சொன்னாள். மதுரையில் என்னோடு தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். செய்தியை முழுதாகப் படிக்கச் சொன்னேன். தடை எல்லா மயோனைஸுக்கும் இல்லை, பச்சை முட்டையில் செய்ததற்கு மட்டும்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தமிழக அரசு சொல்லியிருந்தது. வேகாத முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், நம் ஊர் வெயிலில் அது பெருகுவதற்கு அதிக நேரம் தேவையில்லை என்பது காரணம்.

"அப்ப முட்டை போடாதது இருக்கும்ல" என்று நிம்மதியாகக் குளிக்கப் போய்விட்டாள்.

எனக்கு முட்டையைவிட எண்ணெயில்தான் வருத்தம். எடையில் நூற்றுக்கு 65 பங்காவது தாவர எண்ணெய் இருந்தால்தான் மயோனைஸ் என்று பெயர் போடலாம் என்பது அமெரிக்காவில் விதி. அந்தக் கெட்டிப்பதமே எண்ணெயால் வருவது. ஒரு மேசைக்கரண்டி தொட்டுக்கொண்டால் ஏறக்குறைய 90 கலோரி. கேரட் துண்டை அதில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, காய்கறி சாப்பிட்டேன் என்று கணக்குச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

வீட்டிலேயே ஒரு 'டிப்' செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். டிப் என்றால் என்ன, தொட்டுக்கொள்வதுதானே? இட்லி தட்டில் விழுவதற்கு முன்பே "தொட்டுக்க என்ன?" என்று கேட்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இது ஒரு பெரிய வேலையா என்று நினைத்தேன். வேலையாகத்தான் இருந்தது.

அவள் பிறந்தநாளுக்குத் தோழிகள் எட்டுப் பேர் வருவதாக இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கே தயிரைக் கடைந்து, வெள்ளரிக்காயைத் துருவிப் போட்டு, உப்பும் பூண்டும் சேர்த்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். ஆறு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கிண்ணத்தில் தண்ணீர் தனியாக நின்றது, வெள்ளரி மிதந்தது. ஒரு பெண் கேரட்டை விட்டு, எடுத்து, சொட்டச் சொட்டப் பார்த்துவிட்டுப் பணிவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, இது ரைத்தாவா?"

நான் அரசுப் பள்ளியில் 26 வருடம் அறிவியல் எடுத்தவள். உருளைக்கிழங்கைக் குடைந்து, அதில் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, தண்ணீர்த் தட்டில் வைத்து, உள்ளே கரைசல் ஏறுவதைக் குண்டூசி குத்திக் காட்டுகிற சவ்வூடுபரவல் சோதனையை எத்தனை வகுப்புக்குச் செய்து காட்டியிருப்பேன்! கரைபொருள் அதிகம் உள்ள பக்கம் தண்ணீர் நகரும். வெள்ளரிக்காயில் 95 பங்கு தண்ணீர். உப்புப் போட்டால் அது வெளியே வராமல் என்ன செய்யும்? பாடம் வகுப்பறையிலேயே நின்றுவிட்டது, அடுப்படிவரை வரவில்லை.

அதற்குப் பிறகு பிடிபட்டது இதுதான். கடைக்காரர் எண்ணெயைச் சேர்த்துக் கெட்டியாக்குகிறார். நாம் தண்ணீரை எடுத்துக் கெட்டியாக்க வேண்டும்.

அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, நன்றாக உறைய விடுங்கள். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 விழுக்காடு, ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6. ஆரஞ்சில் வழவழப்பு கூடுதல், ஆனால் நீலமே போதும். உறைந்த தயிரைக் கலக்கக் கூடாது. கலக்கினால் தயிர் கட்டு விட்டு, பாதி துணி வழியே போய்விடும். கரண்டியால் பாளம் பாளமாக எடுத்து, துணி விரித்த வடிகட்டியில் வையுங்கள். அடியில் ஒரு பாத்திரம். மேலே ஒரு தட்டு போட்டு மூடி, அப்படியே ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரம்.

அந்தக் காலத்தில் மூட்டையாகக் கட்டிக் குழாயில் தொங்கவிடுவார்கள். மதுரையில் சித்திரை மாதம் அப்படித் தொங்கவிட்டால் தண்ணீர் வடிவதற்குள் தயிர் புளித்துவிடும். குளிரில் வைத்தால் புளிப்பு ஏறாது.

துணிக்கு, பழைய வேட்டியில் கிழித்த துண்டே போதும். ஆனால் ஒன்று. முதல் தடவை எங்கள் வீட்டுக்காரரின் வேட்டியை அவசரத்தில் அப்படியே எடுத்துவிட்டேன். தயிரில் சோப்புத்தூள் வாசனை அடித்தது. கொதிநீரில் போட்டு எடுத்து, நன்றாக அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள்.

வடிந்ததும் தயிர் பாதியாகக் குறைந்திருக்கும். கரண்டியைக் குத்தினால் நிற்கும். தண்ணீரோடு பால்சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடுவதால், மிஞ்சியதில் கரண்டிக்குக் கரண்டி புரதம் கூடுதல். லெபனானிலும் சுற்றுப்புற நாடுகளிலும் இதை லப்னே என்று காலை உணவுக்கு ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். குஜராத், மகாராஷ்டிரத்தில் இதில் சர்க்கரை சேர்த்தால் ஸ்ரீகண்ட். வெள்ளரியும் பூண்டும் சேர்த்தால் கிரேக்கர்களின் ட்ஸாட்ஸிகி. நமக்கு வெள்ளரிப் பச்சடி இருக்கிறது, ஆனால் அது சோற்றோடு போகிற பதம், காயில் ஒட்டாது.

இனி வெள்ளரி. ஒரு பிஞ்சைத் துருவி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, கையால் ஒட்டப் பிழியுங்கள். அன்று என்னை அவமானப்படுத்திய தண்ணீர் முழுவதும் இப்போது வெளியே வந்துவிடும். பிழிந்த வெள்ளரியைக் கெட்டித் தயிரில் போட்டு, நசுக்கிய பூண்டு ஒரே ஒரு பல், வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய புதினாவும் மல்லியும் ஒரு கைப்பிடி, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. மல்லியையும் கழுவிய ஈரத்தோடு போடாதீர்கள், துணியில் ஒற்றி எடுங்கள். பூண்டை இரண்டு பல்லாக்கிப் பார்த்தேன், மறுநாள்வரை வாயில் இருந்தது.

உப்பைக் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புளிப்பும் சீரகமும் இருப்பதால் இந்தக் கிண்ணத்துக்குக் கால் தேக்கரண்டியே தாராளம். நாலு பேருக்குப் போதும். இரண்டு நாள் ஃபிரிட்ஜில் இருக்கும். அதற்கு மேல் வைக்காதீர்கள்.

காய் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். தயிரிலிருந்து தண்ணீரை எடுத்தோம், காய்க்குத் தண்ணீரைக் கொடுக்க வேண்டும். மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து வந்து இரண்டு நாள் ஆன கேரட் வளையும், ஒடியாது. அதை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால், செல்கள் தண்ணீரை இழுத்து விறைத்துக்கொள்ளும். கடித்தால் பக்கத்து அறையில் கேட்கும். இதுவும் அதே சவ்வூடுபரவல்தான், திசைதான் வேறு. பேருந்து நிலையத்தில் விற்கிற மாதிரி நறுக்கிய காயில் உப்புத் தூவி வைத்துவிடாதீர்கள், பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். அங்கே வாங்கிய கையோடு தின்றுவிடுகிறோம், அதனால் தெரிவதில்லை.

பச்சையாகத் தின்பதால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், நறுக்குவதற்கு முன்பே. வெள்ளரி, கேரட், குடைமிளகாய், முள்ளங்கி, நூக்கோல் எல்லாம் பச்சையாகவே நன்றாக இருக்கும். நூக்கோலைத் தோல் சீவி நறுக்கித் தட்டில் வைத்தேன், பிள்ளைகள் என்ன காய் என்று கேட்காமலே தீர்த்துவிட்டார்கள். காலிஃபிளவரை மட்டும் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துவிடுவேன், புழு பயம்.

தயிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் கொண்டைக்கடலைக்குப் போகலாம். அரபியில் ஹும்முஸ் என்றாலே கொண்டைக்கடலைதான். ராத்திரி ஊறவைத்துக் குழைய வேகவைத்து, வெள்ளை எள் விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாற்றோடு அரைப்பது. மிக்ஸி கொஞ்சம் முனகும். எங்கள் வீட்டுக்காரர் இதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பருப்புத் துவையல்தானே?" என்றார். தப்பில்லை. கெட்டியாக அரைத்த பருப்புத் துவையலுக்கும் முள்ளங்கிக்கும் நல்ல பொருத்தம். எள், வேர்க்கடலை சிலருக்கு ஒவ்வாமை தரும், பள்ளி டப்பாவில் பகிர்ந்துகொள்ளக் கொடுத்துவிடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வருடப் பிறந்தநாளுக்கு அதே எட்டுப் பேர் வந்தார்கள். யாரும் ரைத்தாவா என்று கேட்கவில்லை. கிண்ணத்தின் அடியை நூக்கோல் துண்டால் வழித்தார்கள். மோமோஸும் வந்தது, மயோனைஸும் வந்தது, அதை மறைத்து எழுதி என்ன பயன்? ஒரு டப்பா மயோனைஸ் பிரிக்காமலே திரும்பியது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வடிந்த தயிர்த் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம் புரதமும் அதிலும் இருக்கிறது. அன்று ராத்திரி சப்பாத்தி மாவை அதை ஊற்றிப் பிசையுங்கள்.