பார்சல் டெலிவரியில் பகுதி நேர வேலை: கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

எஸ்பிஎம் முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஈப்போ இளைஞர்கள் பலர் தேடும் வேலை இது. ஹப்பில் பார்சல் பிரிக்கலாம், அல்லது மோட்டார் சைக்கிளில் டெலிவரிக்குப் போகலாம். "பார்ட் டைம்தானே, என்ன பெரிய விஷயம்?" என்று தோணும். ஆனால், வழியில் விழுந்து கை உடைந்தால் செலவு யாருடையது? அதை வேலையில் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் ஊழியரா, காண்ட்ராக்டரா?

எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

ஊழியர் என்றால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் உங்களைப் பாதுகாக்கும். பகுதி நேர ஊழியர்களுக்கென 2010இல் தனி விதிமுறைகளும் வந்தன. முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காடு வரை வேலை செய்பவர் பகுதி நேர ஊழியர். முழுநேரம் வாரம் 45 மணி என்றால், உங்களுக்கு 13.5 மணிக்கு மேல், 31.5 மணி வரை.

அவருக்கு என்ன கிடைக்கும்?

• மணிக்குக் குறைந்தது 8 வெள்ளி 17 காசு (மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில்)
• முதல் 2 ஆண்டுகளில், ஆண்டுக்கு 6 நாள் விடுப்பு, 10 நாள் மருத்துவ விடுப்பு
• குறைந்தது 7 பொது விடுமுறை
• இபிஎஃப், சொக்சோ சந்தா

வேலைக்குப் போகும் வழியிலோ, வீடு திரும்பும் வழியிலோ விபத்து நடந்தாலும் சொக்சோ பாதுகாப்பு உண்டு.

பார்சலுக்கு இவ்வளவு என்றால்?

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பால் எடையைப் பொறுத்து வருமானம் கூடும், குறையும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. காண்ட்ராக்டராகச் சேரும் ரைடரின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். பார்சல் இல்லாத நாளில் காசு இல்லை. பெட்ரோல், டயர், சம்மன் எல்லாம் பெரும்பாலும் சொந்தச் செலவு. பழைய தோட்டத்து வீடுகளைத் தேடி அலையும் நேரத்துக்கும் யாரும் காசு தருவதில்லை. அதனால் ஒரு பார்சலுக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், செலவு போக மணிக்கு எவ்வளவு நிற்கிறது என்று கணக்குப் போடுங்கள்.

இவர்களுக்கும் வழி உண்டு. 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் பதிந்துகொள்ளலாம். டாக்சி ஓட்டுநர்களுக்காகத் தொடங்கிய இத்திட்டம், 2020 முதல் பொருள் அனுப்பும் வேலைக்கும் விரிந்தது. கிக் தொழிலாளர்களுக்கான மசோதாவை மக்களவை 2025 ஆகஸ்ட் 28 அன்று நிறைவேற்றியது. தகராறுகளை விசாரிக்க ஒரு தீர்ப்பாயம் அமைப்பதும் அதில் அடங்கும்.

கவனிக்க வேண்டியவை

ஒப்பந்தத்தில் 'காண்ட்ராக்டர்' என்று எழுதியிருந்தாலே முடிவாகிவிடாது. நேரத்தையும் வேலை முறையையும் நிறுவனமே கட்டுப்படுத்தினால், நீங்கள் ஊழியராகக் கருதப்படலாம். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் இதற்கு இடம் தருகிறது.

வேலை தர முன்பணமோ, உங்கள் வங்கி அட்டையோ கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 997க்கு அழையுங்கள். சம்பளத் தகராறு என்றால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம்.

ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, ஆப்பில் காட்டும் டெலிவரிக் கணக்கு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் என்று போகும்போது அதுதான் உங்கள் சாட்சி.