தேற்றாங்கொட்டையின் வழியில் பழக்கழிவு

தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரசிவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால் சேறு அடியில் படிந்து தெளிநீர் மேலே நிற்கும் என்பது, அம்மரத்தை ‘இல்லம்’ என்ற பெயரால் குறிக்கும் கலித்தொகையின் காலத்திலேயே தமிழர் அறிந்திருந்த செய்தி. முற்றி நெற்றான முருங்கையின் விதை, பலாக்கொட்டை, மாம்பருப்பு, வாழைப்பழத்தோல் ஆகியவற்றைக் கொண்டு ஆலைக் கழிவுநீரைத் தெளிவிக்க முயலும் இன்றைய ஆய்வுகள் அந்தக் கைப்பழக்கத்தின் நீட்சியே.

நீரைக் கலக்கும் நுண்துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் அவை நாட்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். அந்த விலக்கத்தைத் தணித்து அவற்றைத் திரளச் செய்யும் பொருளுக்குத் திரட்டி என்று பெயர். படிகாரம் செய்யும் வேலை இதுதான். முருங்கை விதையில் நேர்மின்னூட்டமுள்ள சிறு புரதங்கள் இதைச் செய்கின்றன. பழத்தோலிலுள்ள பெக்டினும் கொட்டைகளின் மாச்சத்தும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாதலால் துகள்களுக்கிடையே பாலமிட்டு இழுக்கின்றன.

விதையை உலர்த்தி, தோல்நீக்கி, மாவாக்கி, உப்புநீரில் கலக்கி வடித்தால் கிடைக்கும் பால்போன்ற சாறே பயன்படும் பகுதி. ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஒரே கழிவுநீரை எடுத்து, வெவ்வேறு அளவில் சாற்றைச் சேர்த்து, ஒரு நிமிடம் விரைவாகவும் இருபது நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரைமணி நேரம் அசையாமல் வைப்பது குவளைச் சோதனை. மெதுவாகக் கலக்கும்போது பஞ்சுத் துணுக்குகள் போலக் கசடு திரண்டு வருவதைக் கண்ணாலேயே காணலாம். முருங்கைச் சாறு போன்றவற்றை அளவுக்கு மிஞ்சி ஊற்றினால், துகள்கள் இம்முறை நேர்மின்னூட்டம் பெற்று மீண்டும் விலகி, நீர் மறுபடி கலங்கிவிடும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. காஞ்சிபுரத்துப் பட்டுச் சாயநீரிலும் திருப்பூரின் பருத்திச் சாயநீரிலும் கரைந்து நிற்கும் உப்பைப் பழத்தோல் ஒன்றும் செய்யாது. நொய்யல் ஆற்றின் மாசினால் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட வழக்கின் சிக்கலும் பெருமளவு அந்த உப்புதான். மேலும், வடிக்காத மாவை அப்படியே கொட்டினால் அது புளித்து, நீரிலுள்ள கரிமச் சுமையைக் கூட்டிவிடும். இயற்கைப் பொருள் என்பதனாலேயே கசடு எருவாகிவிடாது. சாயமும் உலோகமும் அதில் ஒட்டியிருக்கக்கூடும்.

மாங்கொட்டை சில மாதங்களே கிடைப்பது. ஊரூராகச் சிதறிக் கிடக்கும் தோலையும் கொட்டையையும் திரட்டிப் பெரிய தொழிற்பேட்டைக்கு அனுப்புவது கட்டுப்படியாகாது. எனவே, நெல் ஊறவைத்த நீரைக் கழிக்கும் சிறு புழுங்கலரிசி ஆலைகளைப் போன்ற, மிதக்கும் கசடு மிகுந்த இடங்களில், உயிரியல் சுத்திகரிப்புக்கு முந்தைய படியாக இது முயன்று பார்க்கத்தக்கது. ஓர் ஆலையின் நீருக்குப் பொருந்திய அளவு அடுத்த ஆலைக்குப் பொருந்தாது என்பதால், முதலில் செய்ய வேண்டியது அந்தந்த நீரிலேயே குவளைச் சோதனை. அதற்கு ஒரு மணி நேரம் போதும்.