உங்களுக்குத் தெரியுமா? புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் பிராசசர் தடுமாறுவது ஏன்?

ஓவர்கிளாக் செய்த பிராசசர் மாதக்கணக்கில் நன்றாக ஓடியிருக்கும். புது கிராபிக்ஸ் கார்டைச் செருகி கேமைத் தொடங்கினால், சில நிமிடங்களில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். பழி கார்டின் மேல் விழும். முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையைத்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 8 பின் இணைப்பு ஒன்று மேலும் 150 வாட் வரை தரும். பிராசசரும் கார்டும் 12 வோல்ட் மின்சாரத்தையே நம்பியிருக்கின்றன. போதாததற்கு, கார்டு கேபினெட்டுக்குள் தள்ளும் சூடான காற்றைத்தான் பிராசசர் ஃபேனும் இழுக்கிறது.

ஓவர்கிளாக்கும் கிராபிக்ஸ் கார்டும் மோதிக்கொள்வது பழைய தலைவலி. 1998-இல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட்டில் பஸ் வேகத்தை 133 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால், 66-இல் ஓட வேண்டிய அக்கால ஏஜிபி கிராபிக்ஸ் கார்டு கிட்டத்தட்ட 89-இல் ஓடியாக வேண்டும். தாங்கிய கார்டுகளும் உண்டு, திரை உறைந்துபோனவையும் உண்டு.

கார்டை மாற்றக் கடைக்கு ஓடாதீர்கள். பயாஸில் பிராசசரைப் பழைய வேகத்துக்கே இறக்கி, அதே கேமை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் ஓவர்கிளாக்கைக் குறை சொல்ல முடியாது. பவர் சப்ளையின் 12 வோல்ட் அளவைப் பாருங்கள். அணையாவிட்டால், வேகத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பிராசசரையும் கார்டையும் சேர்த்தே சோதியுங்கள்.