பன்னியின் விர்தாக் கிணறுகளும் நீருரிமையும்

குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்தில், பெரிய ரண் என்னும் உப்புவெளியை அடுத்து, ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பன்னிப் புல்வெளி அமைந்துள்ளது. இங்கு எருமையும் மாடும் வளர்த்து வாழ்வோர் மால்தாரிகள் எனப்படுவர். ‘மால்’ என்பது கால்நடைச் செல்வத்தைக் குறிக்கும். மழை குறைவு, நிலத்தடி நீரோ உவர்ப்பு. இந்நிலையில் மந்தைகளுக்கு நீர் கிடைப்பது எங்ஙனம்?

மழைநீர் தாழ்ந்த தரைகளில் தேங்கி மண்ணுள் இறங்குகிறது. நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆதலின் அதனோடு எளிதில் கலவாமல், மேலே ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. (ஆசிரியர்கள் கண்ணாடிக் குவளையில் உப்புக் கரைசலை ஊற்றி, அதன்மேல் சாயமிட்ட நன்னீரைக் கரண்டியின் புறத்தே மெல்ல வடியவிட்டு இதனை மாணவர்க்குக் காட்டலாம்.) அப்படலத்தை எட்டுமளவு மட்டுமே குழி தோண்டி, சரிந்துவிடாதபடி மரக்கட்டைகளும் புல்லும் அடுக்கி நீர் எடுப்பர். இதுவே விர்தா. அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். பின்னர் அக்குழியைக் கைவிட்டு வேறொன்றைத் திறக்கவேண்டியதுதான். ஆகவே எவர், எவ்வளவு இறைப்பது என்பது தனியொருவர் விருப்பத்தைப் பொறுத்ததன்று. விசை பொருத்திய இறைப்பான் இங்கு நன்மையைவிடக் கேடே செய்யும்.

புல்வெளி 1955-இல் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. உப்புப் பரவலைத் தடுக்கும் நோக்கத்துடன் 1960-களில் நடப்பெற்ற சீமைக்கருவேல் பின்னர் புல்லையே நெருக்கியது. தமிழ்நாட்டார்க்கு அம்மரத்தைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை! அண்மை ஆண்டுகளில் பயிர்த்தொழிலும் உட்புகுந்தது. பயிரிடுவோர் வேலியும் வரப்பும் எழுப்பவே, மந்தைகளின் வழி அடைபட்டது. தாழ்தரைக்குச் செல்லவேண்டிய மழைநீரும் வயலில் தடைப்படுகிறது. பயிரிடுவோர் அனைவரும் வெளியார் என்று கருதுதல் தவறு. மால்தாரிக் குடும்பங்களிலேயே சிலர் ஏர் பிடித்தனர். வழக்கின் சிக்கல் இதுவே.

கால்நடை வளர்ப்போர் சங்கம் 2018-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடிற்று. ஆக்கிரமிப்புகளை ஆறு மாதத்துள் அகற்றுமாறும், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மால்தாரிகளின் சமூக உரிமை தொடருமென்றும் 2021 மே மாதத்தில் தீர்ப்பாயம் ஆணையிட்டது. ஆணையைக் களத்தில் நிறைவேற்றுவோர் வேலிகளை மட்டும் கணக்கெடுத்தல் போதாது. வேலி நீங்கினும் வரப்பு நின்றால், மழைநீர் விர்தாவின் தாழ்தரையை அடையாது.