வயர் இல்லாத சுவிட்ச்: வாங்குமுன் கொஞ்சம் யோசிப்போம்

"ஐயா, வயரே இல்லாத சுவிட்ச் ஒண்ணு மாத்தளைக் கடையில விக்கிறாங்கன்னு மகன் சொல்றான். அதைப் போட்டா பழைய வயரெல்லாம் மாத்தத் தேவையில்லையாம். நெசமாங்களா?"

நாலந்தாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டும் ஒரு அம்மா அண்மையில் இப்படிக் கேட்டார். அவருடைய லயக் காம்பராவில் மழை நாளில் சுவிட்சைத் தொட்டால் கை 'சுர்ர்' என்கிறதாம். சீட்டுப் பிடித்த சல்லி கையில் இருக்கிறது. அதை வைத்து வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்ய வேண்டும். மகன் சொல்வது பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பினால் உயிருக்கே ஆபத்து. நம் வாசகர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் இங்கே விளக்கமாகச் சொல்கிறோம்.

கரண்டு பிறக்கிற ஊர்

நாலந்தாக்காரருக்கு மின்சாரம் தூரத்துச் சமாச்சாரம் அல்ல. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலித் தண்ணீர் உக்குவெல மின்நிலையத்தைச் சுற்றிவிட்டு சுது கங்கையில் விழுந்து, நமது பக்கத்து போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. அங்கும் 1981இல் 40 மெகாவாட் மின்நிலையம் ஒன்று வந்தது. அந்த நீர்த்தேக்கத்துக்காகவே பழைய கல் கோயிலான நாலந்தா கெடிகே 1975இல் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, 1980இல் அணைக்கட்டின் பக்கத்தில் மறுபடி கட்டப்பட்டது.

இவ்வளவு பக்கத்தில் கரண்டு பிறந்தாலும் நம் லயங்களுக்குள் அது வந்த விதம் சரியில்லை. வெள்ளைக்காரன் காலத்து லயங்கள் கரண்டை நினைத்துக் கட்டியவை அல்ல. குப்பி லாம்புக்காகக் கட்டியவை. பிற்பாடு மரச் சட்டத்தில் ஆணி அடித்து, பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்து, டேப் சுற்றி ஒப்பேற்றினோம். அந்த வயரின் மேல்தோல் இன்று வெடித்துக் கிடக்கிறது. கூரைக்குள் எலி கடிக்கிறது. தகரத்தின் வழியே மழைத் தண்ணீர் சொட்டுகிறது. லயத்தில் ஒரு வீட்டில் பற்றிய தீ வரிசையாகப் பத்து வீட்டுக்கும் போகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

'வயர் இல்லாத' என்றால் என்ன?

சாதாரண சுவிட்சில் நடப்பது இதுதான். கூரையில் ஓடும் லைன் வயர் சுவர் வழியே சுவிட்சுக்கு இறங்குகிறது. சுவிட்சைப் போட்டால் கரண்டு இன்னொரு வயர் வழியே மேலே ஏறி பல்புக்குப் போகிறது. சுவரில் இறங்கி ஏறுவது இந்த இரண்டு வயர்தான்.

புதிய முறையில் சுவரில் இறங்கும் இந்த இரண்டு வயர் மட்டுமே இல்லை. சுவரில் இருப்பது வெறும் பொத்தான். அதை அழுத்தினால் ரேடியோ அலை ஒன்று போகும். பல்புக்குப் பக்கத்தில் மேலே வைத்திருக்கும் சின்னப் பெட்டி அதைக் கேட்டு பல்பைப் போடும், அணைக்கும். இந்தப் பெட்டியை ரிசீவர் என்கிறார்கள். நம் டீவி ரிமோட்டைப் போலத்தான். ஆனால் டீவி ரிமோட்டை நேராக நீட்ட வேண்டும். ரேடியோ அலைக்கு அது தேவையில்லை, சுவரையும் தாண்டிப் போகும்.

ஆக, மீட்டரிலிருந்து பல்பு வரைக்கும் வயர் எப்போதும் போல வேண்டும். கூரையில் வெடித்துக் கிடக்கும் பழைய வயரை இந்த சுவிட்ச் மாற்றிவிடாது. மகன் சொன்னதில் தவறான பாதி இதுதான்.

மூன்று வகை

கடையில் 'வயர்லஸ்' என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சாமான் விற்கிறார்கள். வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் சல்லி வீண்.

முதலாவது பேட்டரி வகை. பொத்தானுக்குள் சின்ன பேட்டரி இருக்கும். மெதுவாக அழுத்தினாலே போதும். ஆனால் பேட்டரி தீர்ந்தால் இரவில் திண்டாட வேண்டும். இன்னொரு பயமும் உண்டு. சிலவற்றில் நாணயம் போன்ற வட்ட பேட்டரி இருக்கிறது. சின்னப் பிள்ளை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தொண்டைக் குழாய் வெந்துவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் திருகாணி போட்டு மூடும் மூடி இல்லாததை வாங்கவே கூடாது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இரண்டாவது பேட்டரி இல்லாத வகை. அழுத்துகிற விசையில் உள்ளே ஒரு காந்தம் அசைந்து, கம்பிச் சுருளில் துளி மின்சாரம் உண்டாகிறது. ஒரு தடவை ரேடியோ அலை அனுப்ப அது போதும். சைக்கிள் டைனமோ மாதிரிதான். ஜெர்மனியில் 2001இல் தொடங்கிய என்ஓசன் என்ற நிறுவனம் இந்த முறையைப் பரப்பியது. இன்று பல நாட்டிலும் மலிவாகச் செய்கிறார்கள். 'டக்' என்று சத்தம் வரும்வரை நன்றாக அழுத்த வேண்டும். கைவலி உள்ள பெரியவர்களை அழுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது வைஃபை சுவிட்ச். இதைப் போனிலேயே போடலாம், அணைக்கலாம். ஆனால் இது சுவரில் வயரோடு பொருத்துகிற சாமான். பெரும்பாலும் இதற்கு லைனோடு நியூட்ரல் வயரும் வேண்டும். நம் பழைய சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரல் இருக்காது. நியூட்ரல் தேவையில்லை என்று சொல்லும் சாமானில் அணைத்த பிறகும் எல்.ஈ.டி. பல்பு மினுங்கலாம். வைஃபை வசதியும் வீட்டில் வேண்டும். நமது தேவைக்கு இது அவசியமில்லை.

முதலில் உயிர்க்காவல்

சுவர் இருந்தால்தான் சித்திரம். கையிலுள்ள சல்லியை இந்த வரிசையில் செலவழியுங்கள்.

ஒன்று, ட்ரிப் சுவிட்ச். 30 மில்லிஆம்பியர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஒரு 7 வாட் எல்.ஈ.டி. பல்பு எடுக்கும் கரண்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். பல்புக்கு அது கொஞ்சம். ஆனால் நம் நெஞ்சு வழியாக ஓடினால் ஆளை முடித்துவிடும். கரண்டு வழி தவறி உடம்பிலோ சுவரிலோ ஒழுகினால் ட்ரிப் சுவிட்ச் கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று அதைக் கழற்றி நேராக வயர் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போல.

இரண்டு, எர்த். பழைய லயத்தில் இரண்டு வயர்தான் ஓடும், எர்த் இருக்காது. வெளியே ஈரமான மண்ணில் எர்த் கம்பி இறக்கி, அதிலிருந்து பச்சை மஞ்சள் வயர் வர வேண்டும். எர்த் இருந்தால், கெட்டுப்போன கேத்தலைக் கை தொடுவதற்கு முன்பே ட்ரிப் சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் நம் உடம்பு வழியாகக் கரண்டு போன பிறகுதான் விழும்.

மூன்று, சரியான வயர். லைட்டுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 என்று கேட்டு வாங்குங்கள். இப்போது லைன் மண்ணிற வயர், நியூட்ரல் நீலம். பழைய வீட்டில் சிவப்பும் கறுப்பும் இருக்கும். இரண்டும் கலந்திருக்கிற இடத்தில் பாஸ் கவனமாகச் சோதித்துத்தான் இணைக்க வேண்டும். லைட்டுக்குத் தனி பிரேக்கர், பிளக்குக்குத் தனி பிரேக்கர் வையுங்கள்.

இவை மூன்றும் முடிந்து சல்லி மிஞ்சினால்தான் வயர்லஸ் சுவிட்ச்.

எங்கே போடலாம்? எங்கே வேண்டாம்?

புது வீடு கட்டுகிறீர்களா? பூச்சு வேலைக்கு முன் சுவரில் பைப் புதைத்துச் சாதாரண சுவிட்சே போடுங்கள். விலை பல மடங்கு குறைவு. கெட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த பாஸும் மாற்றுவார்.

பழைய லயத்தின் கதை வேறு. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவரை வெட்டினால் பொலபொலவென்று கொட்டும். நடுச்சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. அங்கே சுவரை வெட்டாமல் ஒட்டுகிற பொத்தான் பெரிய உதவி. இருந்தாலும் பிளாஸ்டிக் கேசிங் அடித்து வயர் இறக்க முடிந்த இடத்தில் அதுவே மலிவு.

வயர்லஸ் பொத்தான் உண்மையாகவே நல்லது என்று சொல்லக்கூடிய இடங்கள் இவை:

ஈரம் படும் இடம். குசினி, குளிக்கும் இடம், வெளிக் கக்கூஸ் வழி. பொத்தானுக்குள் வீட்டுக் கரண்டு இல்லை. ஈரக் கையால் தொட்டாலும் அடிக்காது. ஆனால் ரிசீவர் பெட்டி உள்ளே, நனையாத இடத்தில் இருக்க வேண்டும்.

படுக்கைப் பக்கம். நம் பக்கத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் எழும்புகிறார்கள். இருட்டில் இஸ்தோப்பு லைட்டைத் தேடும்போது காலடியில் பாம்பு கிடந்தாலும் தெரியாது. படுத்த இடத்திலேயே பொத்தான் இருந்தால் பார்த்து இறங்கலாம். முடியாத பெரியவர்களுக்கும் இது நல்லது.

அயன், கேத்தல், தண்ணீர் மோட்டார், ஹீட்டர் எதற்கும் இந்த ரிசீவரைப் போடாதீர்கள். அது லைட்டுக்கு மட்டும். அதிக பாரம் கொடுத்தால் உள்ளே உருகித் தீப்பிடிக்கும்.

கடையில் கேட்க வேண்டியவை

• பெட்டியில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா? எத்தனை ஆம்பியர்? எல்.ஈ.டி. பல்புக்கு எத்தனை வாட் வரை என்று தனியாகச் சொல்கிறார்களா?

• கரண்டு போய்த் திரும்பினால் லைட் தானாக எரியுமா, அணைந்தே இருக்குமா? 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்டு வெட்டியது நினைவிருக்கும். எல்லோரும் வேலைக்குப் போன வீட்டில் லைட் சும்மா எரியக் கூடாது. அணைந்தே இருப்பதை, அல்லது முன்பிருந்த நிலையை நினைவில் வைப்பதை வாங்குங்கள்.

• பொத்தானுக்கும் ரிசீவருக்கும் தனி இரகசிய எண் பழக்க முடியுமா? முடியாத மலிவுச் சாமானை அடுத்தடுத்த வீட்டில் போட்டால், நீங்கள் அழுத்த பக்கத்து வீட்டு லைட் எரியும். லயத்தில் இது சண்டைக்கு வழி.

• ஒரு பொத்தான் உடைந்தால் தனியாக வாங்கலாமா? ஒரு கம்பனியின் பொத்தான் பெரும்பாலும் இன்னொரு கம்பனியின் ரிசீவரோடு சேராது.

• எத்தனை மாதம் கேரண்டி? பில் எழுதித் தருவார்களா?

வெட்டவெளியில் முப்பது மீட்டருக்கு மேல் போகும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். கல் சுவரும் தகரமும் அதைக் குறைக்கும். பொத்தானை ஒட்டுமுன் கையில் பிடித்து நாலு இடத்தில் அழுத்திப் பாருங்கள். ரிசீவரை இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் அலை போகாது. பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். மரச் சட்டத்தில் மூடாமல் தொங்கவிட வேண்டாம்.

பில்லையும் பாருங்கள்

ரிசீவர் எப்போதும் விழித்திருந்து அலைக்குக் காத்திருக்கிறது. அதற்கும் கொஞ்சம் கரண்டு போகும். ஒன்று அரை வாட் எடுத்தால், ஐந்து ரிசீவர் மாதம் 1.8 யூனிட். பெரிதல்லதான். ஆனால் நம் பில் 30, 60 யூனிட் என்று படிப்படியாக ஏறுகிறது. 58இல் நிற்கும் வீடு 60ஐத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும். அதனால் வீடு முழுக்க வேண்டாம், தேவையான ஒன்றிரண்டு இடம் போதும்.

மறக்கக் கூடாத இரண்டு

பொத்தானில் அணைத்தாலும் ரிசீவர் வரை கரண்டு இருக்கிறது. பல்பு மாற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே ஏறுங்கள். சித்திரை, ஐப்பசி மாதங்களில் பின்னேர இடிமழை வரும்போதும் மெயினை அணைப்பது நல்லது. மின்னல் அடித்தால் இந்த ரிசீவர்கள் சீக்கிரம் கெட்டுப்போகும்.

லயத்தில் வேலை தொடங்குமுன் தோட்ட ஆபீசில் சொல்லி அனுமதி எடுங்கள். தொழிற்பயிற்சிச் சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியனைக் கொண்டே செய்யுங்கள். தெரிந்த பையன் என்று குறைந்த கூலிக்குக் கொடுத்தால் பிறகு அழ வேண்டிவரும்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு போதுங்க. படுக்கைக்கிட்ட, இஸ்தோப்பு லைட்டுக்கு. மத்த சல்லிக்கு ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் போட்டுக்கிறேன்" என்றார்.

சரியான முடிவு. உங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை இன்றைக்கே ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.