ஒரே ஒரு குச்சி போதும்... வாசலில் பூக்கும் பன்னீர் ரோஜா!

ஆசைப்பட்டு வாங்கி வந்த ரோஜாச்செடி நாலே மாசத்தில் பட்டுப்போச்சா? அல்லது செடி மட்டும் தளதளவென வளர்ந்து, பூவையே காணோமா? கவலையை விடுங்க. நம்ம ஊர் வெயிலைத் தாங்கி, வாசனையோடு பூக்கும் பன்னீர் ரோஜா இருக்கே!

ஒட்டுச்செடியில் என்ன சிக்கல்?

கடையில் விற்கும் பெரிய பூ ரோஜாக்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகள்தான். அடியில் இருப்பது முரட்டு ரோஜாவின் வேர். மேலே ஒட்டியிருப்பதுதான் நாம காசு கொடுத்த ரகம். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் கிளையை விட்டுவைத்தால், சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். மேல் செடி நலிந்து செத்துவிடும். அதனால் அந்தக் கிளையை முளைத்த இடத்திலேயே ஒடித்து எறியணும்.

குச்சி நட்டு வளர்த்த பன்னீர் ரோஜாவில் இந்தத் தொல்லை கிடையாது. வேரும் அதுதான், பூவும் அதுதான். அடியிலிருந்து புதுக் கிளை வந்தால் சந்தோஷப்படலாம்.

நடுவது எப்படி?

தெரிந்தவர் வீட்டில் கேட்டு, பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சி வாங்குங்க. கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிடணும். செம்மண்ணும் மணலும் கலந்து, 2 கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு நிழலில் வைக்கணும். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது.

துளிர் விட்டதும் வேர் பிடிச்சாச்சா என்று பிடுங்கிப் பார்க்காதீங்க! குச்சியில் இருக்கும் சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும். வேர் வர இன்னும் சில வாரம் ஆகும். பலர் செடியைக் கோட்டை விடுவது இங்கேதான்.

பராமரிப்பு

2 மாதம் கழித்து மக்கிய சாண எரு கலந்த பெரிய தொட்டிக்கு மாற்றலாம். தினமும் 6 மணி நேரம் வெயில் படணும். டீத்தூளை உரமாகப் போடுபவர்கள், சர்க்கரை போகக் கழுவிப் போடுங்க. இல்லாவிட்டால் எறும்பு வரும். கோடையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சினால் செஞ்சிலந்தி குறையும்.

அக்டோபர் வாக்கில் காய்ந்த, நோஞ்சான் கிளைகளை வெட்டி கவாத்து பண்ணணும். அப்போதுதான் புதுக் கிளை வந்து பூ நிறைய பிடிக்கும். வெட்டியதில் நல்ல குச்சி இருந்தால் குப்பையில் போடாதீங்க. பக்கத்து வீட்டுக்கும் ஒரு செடி ஆச்சே!