ஈரத்துக்கு வழிவிடும் துணி

கினிப் பன்றியைக் கையில் தூக்கி, அதன் உள்ளங்காலைப் பாருங்கள். உடம்பு முழுக்க அடர்ந்த ரோமம் இருந்தாலும் பாதத்தின் அடியில் மட்டும் முடி கிடையாது. மெல்லிய வெறும் தோல்தான். ஏறக்குறைய ஒரு கிலோ எடையை நாள் முழுக்க அந்தத் தோல்தான் தாங்குகிறது. அது மூத்திர ஈரத்திலேயே கிடந்தால் முதலில் சிவக்கும். பிறகு தடித்துப் பொருக்குத் தட்டி, புண்ணாகிச் சீழ் கோக்கும். கிருமி எலும்பு வரை இறங்கிவிட்டால் கால்நடை மருத்துவருக்கும் அது பெரும்பாடுதான். வளர்ப்பவர்கள் கூண்டின் விரிப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதற்குக் காரணம் இந்தக் கால்தான்.

நம் ஊர்க் கடைகளில் கினிப் பன்றியை வாங்கினால், கூடவே பழைய செய்தித்தாளையோ மரத்தூளையோ போடச் சொல்லி அனுப்புவார்கள். செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். மர அறுவை மில்லிலிருந்து வரும் தூளிலோ எந்த மரம் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பொடித் தூசி மூக்கில் ஏறும். இதற்கெல்லாம் மாற்றாக வந்ததுதான் ஃப்ளீஸ் விரிப்பு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இயங்கிய மால்டன் மில்ஸ் ஆலை, குளிருக்குப் போடும் உடைகளுக்காக உருவாக்கிய பாலியஸ்டர் துணி இது. கூண்டுக்கு இது பொருந்துவதன் காரணம் அதன் இழையில் இருக்கிறது. பாலியஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீதம்கூடத் தண்ணீரை ஏற்காது. மேலே விழும் மூத்திரம் இழைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் கசிந்து கீழே போய்விடும். மேற்பரப்பு சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆகவே ஃப்ளீஸ் உறிஞ்சும் துணி அல்ல, வழிவிடும் துணி. உறிஞ்சுவதற்கு அடியில் தடித்த டர்க்கி டவலோ பழைய பருத்திப் போர்வையோ இரண்டு மடிப்பாகக் கிடக்க வேண்டும். வெறும் ஃப்ளீஸை மட்டும் தரையில் விரித்தால் ஈரத்துக்குப் போக இடமில்லாமல் கூண்டில் குளம் கட்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். திருப்பூர் பின்னலாடைக் கடைகளில் ஃப்ளீஸ் என்று கேட்டால் ஸ்வெட்ஷர்ட் தைக்கும் பருத்தி ரகத்தை எடுத்துக் கொடுக்கலாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது பாலியஸ்டர் போலார் ஃப்ளீஸ். மெல்லிய போலார் போர்வை ஒன்றை வாங்கி வெட்டிக்கொண்டால் போதும். பச்சிளங்குழந்தைக்கு விரிக்கும் ட்ரை ஷீட்டிலும் மேலே இதே துணிதான். அடியில் தண்ணீர் புகாத படலம் ஒட்டியிருக்கும். அவசரத்துக்கு அதை விரிக்கலாம். ஆனால் கொதிக்கும் வெந்நீரில் அந்தப் படலம் விரைவில் பிரிந்து உரியத் தொடங்கும்.

புதுத் துணியை அப்படியே விரித்துவிடக் கூடாது. ஆலையில் ஏற்றிய பூச்சு இருக்கும்வரை அது தண்ணீருக்கு வழிவிடாது. ஒரு ஸ்பூன் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். உருண்டு திரண்டு மேலேயே நிற்கும். துணியைச் சாய்த்தால் அப்படியே ஓடும். சலவைத்தூள் போட்டு மூன்று நான்கு முறை துவைத்து உலர்த்திய பிறகு, டவலின் மேல் விரித்து அதே இடத்தில் ஊற்றினால் தண்ணீர் ஓரிரு நொடி தயங்கிவிட்டு உள்ளே இறங்கும். விரலை வைத்தால் லேசான குளிர்ச்சி மட்டும்தான் தெரியும். அந்த நிலை வந்தபின்தான் துணி கூண்டுக்குத் தயார்.

இனிமேல் செய்கிற சலவை எல்லாம் அந்த வழி அடைபடாமல் காக்கத்தான். அடைப்பதில் முதல் குற்றவாளி, துணி வாசமாகவும் மெத்தென்றும் இருக்க ஊற்றும் கண்டிஷனர். அது இழையின் மேல் வழவழப்பான படலமாகப் படிந்து தண்ணீரை நிறுத்திவிடும். அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக உள்ள வீடுகளில் எண்ணெயிலிருந்து செய்யும் பழைய வகைச் சலவைச் சோப்பைத் தேய்த்தால், தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து திப்பித் திப்பியாக அழுக்கு திரளும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டுமே, அதுதான். அதே பிசுக்கு ஃப்ளீஸிலும் ஒட்டும். மணமில்லாத சலவைத்தூளோ திரவமோ அளவாகப் போட்டு, இரண்டு முறை அலசுவதுதான் நல்லது.

கினிப் பன்றியின் மூத்திரத்திலும் கால்சியம் அதிகம். காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி தெரியும். சலவைத்தூள் அதை அவ்வளவாகக் கரைக்காது. வெள்ளை வினிகர் கரைக்கும். துவைப்பதற்கு முன் அரை பக்கெட் தண்ணீரில் அரை டம்ளர் ஊற்றி ஊறவைத்தால் கறையும் போகும், வாடையும் குறையும். ப்ளீச்சிங் பவுடர் பக்கம் மட்டும் போகாதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். மூத்திரம் ஊறிய துணியில் போட்டாலும் மூச்சை அடைக்கும் நச்சுவாயு வரும். மூடிய குளியலறையில் அது ஆபத்து.

மெஷினில் போடுவதற்கு முன்பு செய்யும் வேலைதான் பாதிச் சலவை. விரிப்பை அரை நாள் காயவிட்டு உதறுங்கள். ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த முடியும் வைக்கோல் துணுக்கும் காய்ந்ததும் எளிதில் உதிரும். மிச்சத்தை ரப்பர் பிரஷால் ஒரே பக்கமாக இழுத்தால் சுருண்டு வந்துவிடும். ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போட்டுத் துவைத்தால் மெஷினின் வடிகட்டி தப்பிக்கும். வீட்டார் துணிகளோடு சேர்த்துப் போட வேண்டாம். கினிப் பன்றியிடமிருந்து படர்தாமரை மனிதருக்கும் தொற்றும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? இரண்டு கினிப் பன்றிகள் இருக்கும் கூண்டில் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என் கணக்கு. புழுக்கைகளைத் தினமும் சிறு துடைப்பத்தால் கூட்டிவிட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நாளில் நூறுக்கு மேல் போடும். வாடை வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். மூத்திரத்திலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது அமோனியா வருகிறது. நின்றுகொண்டிருக்கும் நம் மூக்குக்கே அது எட்டுகிறது என்றால், தரையை ஒட்டி மூக்கை வைத்திருக்கும் பிராணி எவ்வளவு நேரமாக அதைச் சுவாசித்திருக்கும்? நுரையீரல் நோய்க்கு எளிதில் ஆளாகும் உயிர் அது.

வெயில் காலத்தில் உலர்த்துவது ஒரு வேலையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் சோதனை. ஸ்பின் செய்த ஃப்ளீஸ் மின்விசிறிக் காற்றிலேயே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். அடியில் போடும் டவல்தான் இழுத்தடிக்கும். அரைகுறையாகக் காய்ந்த டவலை விரித்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஃப்ளீஸ் இரண்டு போதும், டவல் நாலைந்து வேண்டும். இஸ்திரிப் பெட்டி ஃப்ளீஸைத் தொடவே கூடாது, பாலியஸ்டர் உருகிவிடும். சித்திரை வெயிலில் வேறொரு கவலை இருக்கிறது. முப்பது டிகிரியை நெருங்கும்போதே கினிப் பன்றி திணறும், ஃப்ளீஸோ சூட்டைப் பிடித்து வைக்கும் துணி. கூண்டில் பாதியை வெறும் டைல்ஸாக விட்டுவிடுங்கள், படுக்க அதுவே இடம் தேடிக்கொள்ளும்.

வெள்ளெலிக்கு இந்த விரிப்பு ஆகாது. அதற்கு வளை தோண்ட ஆழமான தூள் வேண்டும். முயலுக்குப் போடலாம், கடித்து விழுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே.

நன்றாகப் பராமரித்தால் ஒரு விரிப்பு வருடக்கணக்கில் உழைக்கும். மாதம் ஒருமுறை அந்த ஸ்பூன் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். தண்ணீர் மேலே நின்றால் வினிகரில் ஊறவைத்து, சலவைத்தூளோடு வெந்நீரில் ஒருமுறை துவையுங்கள். அப்படியும் நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஓரம் கடிபட்டு நூல் தொங்கினால் காத்திருக்கவே வேண்டாம். அந்த நூல் குட்டி விரலில் சுற்றி இறுக்கி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். நூல் தொங்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பகுதியைச் சிறு துண்டுகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் தூக்கிப்போகும் கூடையில் விரிக்க உதவும்.